ஏழுவரி ஆமைக்குக் கட்டிய ஓலை

அருகே வாருங்கள், கண்ணுகளா. பாயில் இடம் இருக்கிறது. கால் நீட்டியவர்கள் கொஞ்சம் மடக்கிக்கொண்டால் வாசலில் நிற்பவர்களும் உட்காரலாம். கண் சொக்கினால் தூங்குங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். இந்தக் கதையில் பாதி தூக்கத்தில்தான் நடக்கிறது. ஓர் ஆமை, அதன் முதுகில் ஒரு பெட்டி, ஒருவன் ஊருக்குக் கொடுத்த வாக்கு. மூன்றையும் முடிந்து உங்கள் மடியில் போடுகிறேன், வாங்கிக்கொள்ளுங்கள்.

கிழக்குக் காற்று ஓய்ந்து மேற்குக் காற்று இன்னும் எழாத மாதங்களில், ஜாவாவுக்கு வெகு கிழக்கே கிடக்கும் எங்கள் கெய் தீவுகளைச் சுற்றிக் கடல் கண்ணயர்ந்துவிடும். அலை கரைக்கு வரும், சத்தம் போடாது. எது வானம் எது தண்ணீர் என்று பிரித்துச் சொல்ல முடியாமல் படகுகள் அந்தரத்தில் தொங்குவது போலத் தெரியும். அப்போதுதான் ஆழத்திலிருந்து சொறிமீன்கள் எழுந்து வரும். கண்ணாடிக் குடை பிடித்த ஊர்வலம் மாதிரி, அவசரமே இல்லாமல் வரும். அவற்றைத் தின்னத் தபோப் வரும்.

தபோப் என்று நாங்கள் சொல்வது ஏழுவரி ஆமையை. மற்ற ஆமைகளைப் போல அதற்குக் கெட்டி ஓடு கிடையாது. கறுத்த தோல் போர்த்திய முதுகு, அதன் நீளத்துக்கும் ஏழு வரி, மேலெல்லாம் மாவு தெளித்தது போல வெள்ளைப் புள்ளிகள். ஓஹோய்மெத் ஊரில் அதைத் தாத்தா என்றுதான் அழைப்போம். முன்னோர்கள் அந்த உருவில் வந்து போகிறார்கள் என்பது நம்பிக்கை. தாத்தாவையா தின்பீர்கள் என்று கேட்காதீர்கள். அழைத்தால் வருவார், வந்தால் தன்னைத் தருவார். தந்த இறைச்சியை விற்கக் கூடாது, கேட்டு வந்தவருக்கு இல்லை என்று சொல்லவும் கூடாது. முறை அப்படி.

அழைக்கும் பாட்டு ஒரே ஒரு வீட்டுக்குச் சொந்தம். அந்த வீட்டில் அப்போது பாடுகிறவன் சிப்ரி. ஒல்லியான ஆள். கரையில் அவனுக்குப் பேச வராது; மீன் விலை சொல்லக்கூட மனைவி அகதாவின் முகத்தைப் பார்ப்பான். படகின் முன்முனையான அணியத்தில் ஏறி நின்றுவிட்டால் குரலே வேறு. உரத்த குரல் இல்லை, காய்ச்சல்காரக் குழந்தையைத் தட்டித் தூங்க வைக்கிற குரல். அதைக் கேட்டு ஆமை தலை தூக்கிப் பார்க்கும். அந்த வீட்டுக்குத் தோப்பு இல்லை, நிலம் இல்லை. பாட்டு ஒன்றுதான் இருந்தது.

அந்த வருஷம் ஜாவாவிலிருந்து வுலான் என்ற பெண் வந்தாள். கடல் ஆமைகளைப் பற்றிப் படித்தவள். படிப்பு ஒத்துக்கொண்ட அளவுக்குக் கடல் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. படகில் கால் வைத்ததும் முகம் வாழைக்காய்த் தோல் நிறத்துக்குப் போய்விடும். தேவாலயத்துக்கு முன்னால் ஊர் கூடியிருந்தபோது அவள் எழுந்து சொன்னாள்.

"வெளியூர்ப் பெரிய கப்பலுங்க நம்ம கடல்ல மைல் கணக்குல வலை விரிக்குது. ஆமை அதுல மாட்டி, மூச்சு வாங்க மேல வர முடியாமச் செத்துப்போகுது. இந்த மாசங்கள்ல இங்க வலை போடாதேன்னு கோடு கிழிக்கணும். கிழிக்கணும்னா ஆமை எங்க மேயுது, எந்த வழியாப் போகுதுன்னு அதிகாரிங்களுக்குக் காட்டணும்."

"இதோ, இங்கதான் மேயுது," என்று கனிஸ் கையை நீட்டிக் கடலைக் காட்டினான். "காட்டிட்டேன். போதாதா?"

"உங்க கைய ஃபைல்ல ஒட்ட முடியாதே, அண்ணே."

ஊர் சிரித்தது. கனிஸும் சிரித்தான். கனிஸ் அகதாவின் அண்ணன், தொந்தியும் தொண்டையும் பெரிதான மனிதன். எங்கள் பக்கத்தில் பெண் கொடுத்த வீட்டுக்கு மரியாதை அதிகம். சிப்ரி வீட்டில் எது கிடைத்தாலும் முதல் பங்கு கனிஸுக்கு. அதை அவன் ஒரு நாளும் மறந்ததில்லை, பிறரை மறக்க விட்டதுமில்லை.

வுலான் ஒரு சின்னப் பெட்டியை எடுத்துக் காட்டினாள். உள்ளங்கையில் அடங்கும். மேலே மீசை போல ஒரு கம்பி. "இத முதுகு வரியில மாட்டிடுவோம். ஆமை மூச்சு வாங்க மேல வர்றப்பல்லாம் சாட்டிலைட்டுக்குச் சேதி போகும். அங்கேருந்து நம்ம போனுக்கு வரும். ஒவ்வொரு சேதியும் படத்துல ஒரு புள்ளி."

"எங்க தாத்தா வானத்துக்குச் சொல்லி, வானம் ஜாவாக்காரிக்குச் சொல்லி, ஜாவாக்காரி எங்களுக்குச் சொல்லணுமாக்கும்," என்றான் கனிஸ். "அடுத்த வீட்டுக்குப் போக ஆகாயத்தச் சுத்தின கதையா இருக்கு."

ஊர்ப் பெரியவர் லேவினுஸ் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினார். "பெட்டி மாட்டின ஆமைய நம்ம ஆளுங்க யாரும் தொட மாட்டாங்கன்னு யாருப்பா பொறுப்பு ஏத்துக்கறது?"

கடைசியில் சிப்ரி எழுந்தான். கூட்டத்தில் அவன் எழுந்ததை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை.

"நான் ஏத்துக்கறேன். நம்ம ஊர்க் கையால அதுக்குக் கெடுதல் வந்தா, பாட்ட எறக்கி வச்சுடறேன். எனக்கப்புறமும் எங்க வீட்ல யாரும் பாட மாட்டாங்க."

அகதா பாக்கு வெட்டிக்கொண்டிருந்தாள். பாக்குவெட்டி பாதியில் நின்றது.

ஈட்டி இல்லாமல் படகு போனது அதுதான் முதல் தடவை. சிப்ரி பாடினான், சொறிமீன் கூட்டத்தின் நடுவே ஒரு கறுத்த தலை எழுந்தது. கனிஸ் தன் தொந்தியோடு குதித்து அதன் கழுத்தைக் கட்டிக்கொள்ள, மற்றவர்கள் வலையைச் சுற்றிப் படகோரமாக இழுத்து வைத்தார்கள். வுலான் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டே மறு கையால் பெட்டியை மாட்டி முடித்தாள். பிறகு வால் பக்கம் பார்த்தாள்.

"இது பொம்பள ஆமை."

தண்ணீரில் கிடந்த கனிஸ் தலையை உயர்த்தினான். "அப்போ இத்தன வருஷமா பாட்டியப் போயித் தாத்தா தாத்தான்னு கூப்பிட்டிருக்கோமா? பாதிப் பேரு ஏன் திரும்பிப் பாக்காமப் போனாங்கன்னு இப்பல்ல தெரியுது."

அன்றிலிருந்து அவளுக்குப் பெரியவள் என்று பெயர்.

இனி வருவதுதான் நான் தூங்கலாம் என்று சொன்ன இடம்.

எங்கள் ஊரில் போனுக்குச் சிக்னல் கிடைப்பது தேவாலயக் குன்றின் மேல், மணி தொங்கும் புளியமரத்தடியில் மட்டும். விடிந்ததும் வுலான் அங்கே போவாள். அவள் பின்னால் நாங்களும் போவோம். போனில் நீலம் விரியும், நீலத்தின் மேல் ஓர் ஆரஞ்சுப் புள்ளி. மூச்சு வாங்க மேலே வந்தவள் போட்டுவிட்டுப் போன புள்ளி. அடுத்த நாள் இன்னொன்று. புள்ளிகள் தெற்கே இறங்கும், வளையும், திரும்பி வரும், பாய் பின்னுகிறவள் விட்ட கோரையை மறுபடி எடுப்பது போல.

முதலில் கனவு கண்டது யார் என்று எனக்கு நினைவில்லை. யாரோ ஒருத்தி, "ராத்திரி பெரியவள் வாசல் வழியாப் போனா, கூரை வரைக்கும் தண்ணி, ஆனா அடுப்பு அணையல," என்றாள். காலையில் புள்ளி கரைக்கு மிகப் பக்கத்தில் கிடந்தது. பிறகு எல்லோருக்கும் வர ஆரம்பித்தது. ஒருவர் கனவில் அவள் ஆழத்தில் கண்ணைத் திறந்தபடி தூங்கினாள், சொறிமீன்கள் அவளைச் சுற்றி விளக்குப் பிடித்தன. இன்னொருவர் கனவில் அவள் முதுகின் ஏழு வரியில் ஏழு படகுகள் போய்க்கொண்டிருந்தன, ஒவ்வொன்றிலும் செத்துப்போன உறவுக்காரர்கள் உட்கார்ந்து எம்பால் என்ற மரவள்ளி அடையைப் பிட்டுத் தின்றார்கள். குன்றில் ஏறும்போதே கனவைச் சொல்லிவிட வேண்டும், புள்ளியைப் பார்த்த பிறகு சொன்னால் செல்லாது என்று ஒரு சட்டம்கூட வந்துவிட்டது. சொன்ன திசையும் புள்ளியின் திசையும் ஒத்துப்போனவர்கள் அன்று முழுக்க நிமிர்ந்து நடந்தார்கள்.

கனிஸின் கனவு மட்டும் ஒரு நாளும் பொருந்தவில்லை.

"என்ன கண்டீங்க அண்ணே?"

"பெரிய அண்டா. தேங்காப்பால்ல கொதிச்சுட்டிருந்தா."

"அது எந்தத் திசை?"

"என் மக கல்யாணப் பந்தி இருக்கற திசை."

அவன் மகளுக்கு மேற்குக் காற்று எழும் முன் கல்யாணம். தபோப் கறி இல்லாத பந்தி பந்தியா என்பது அவன் பேச்சு. சிரித்துக்கொண்டேதான் சொல்வான். சிப்ரி சிரிக்க மாட்டான்.

வுலான் ஏதோ வேலையாகத் துவல் நகரத்துக்குப் போனாள். போனை அகதாவிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அந்த வாரம்தான் யாரோ போன் திரையைப் படம் பிடித்து அக்கரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அனுப்பியவர் கெட்ட எண்ணத்தில் அனுப்பவில்லை, பெருமைக்கு அனுப்பியது. ஆனால் அக்கரையிலும் ஈட்டிகள் இருந்தன. புள்ளி இருக்கும் இடம் தெரிந்தால் பாட்டு எதற்கு? நேரே போய் எறிந்துவிடலாம்.

சிப்ரிக்கு அன்று சோறு இறங்கவில்லை. விடிந்ததும் இளந்தென்னையில் குருத்தோலை வெட்டினான்.

இந்த ஓலையை நான் உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். எங்கள் தீவுகளில் ஒரு தோப்பிலோ கடல் மேட்டிலோ குருத்தோலை முடிந்து கட்டினால், அவிழ்க்கும் நாள் வரை அங்கே ஒரு காய், ஒரு சிப்பி எடுக்கக் கூடாது. பூட்டு வேண்டாம், காவல் வேண்டாம். முன்பெல்லாம் தூரதேசம் போகிற பெண்ணுக்கும் ஓலை கட்டி அனுப்பியதாகச் சொல்வார்கள். அதைக் கண்டவன் கை வைக்க மாட்டான். ஆமைக்கு இதுவரை யாரும் கட்டியதில்லை. பெரியவள் தூரம் போகிற பெண்தானே என்று சிப்ரி நினைத்தான். உப்புத் தண்ணீருக்கு மசியாத கரும்பனை நாரையும் எடுத்துக்கொண்டான். துணைக்குக் கனிஸ் வந்தான்.

அன்று காலைப் புள்ளியைப் பார்த்துக்கொண்டு போனார்கள். தூங்கும் கடலில் துடுப்பு விழும் சத்தம் மட்டும். பாடியதும் வந்தாள். படகோரம் அவள் மூச்சு விட்டபோது, நெடுநாள் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தது போல ஒரு வாசனை வந்தது என்று கனிஸ் பின்னால் சொன்னான். சிப்ரி நீரில் இறங்கி, அவளுக்கு வலிக்காத இடமாகப் பார்த்து, பெட்டியையே சுற்றி ஓலையை இறுக்கி முடிந்தான். அவள் கண்ணோரம் நீர் வழிந்தது. அது உப்பை வெளியேற்றும் நீர்தான், எல்லா ஆமைக்கும் உண்டு. சிப்ரியும் அழுதான் என்றால் அவனுக்கு அந்தச் சாக்கு கிடையாது.

மறுநாள் காலை நீலம் வெறும் நீலமாக இருந்தது.

அதற்கு மறுநாளும் அப்படியே. அகதா போனைத் தட்டினாள், துடைத்தாள், புளியமரத்தைச் சுற்றி நடந்து பார்த்தாள். புள்ளி வரவில்லை. கடைசிப் புள்ளி விழுந்த இடத்துக்குச் சிப்ரியின் படகு போனதை ஊரே பார்த்திருந்தது. யாரும் நேராகக் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்கும் ஒரு சத்தம் உண்டு, கண்ணுகளா.

கிணற்றடியில் ஒருத்தி சொன்னாள், "அகதா வீட்டுப் புகை இப்பல்லாம் ரொம்பக் கொழுப்பா வாசனை அடிக்குதே."

"உன் மூக்க என் சட்டியில விட்டுப் பாத்துட்டுப் போயேன், வா," என்றாள் அகதா. "பாவம், உன் வீட்ல அடுப்பு எரிஞ்சு நாளாச்சு போல."

வாய்க்கு வாய் கொடுத்துவிட்டு வந்தாள். வீட்டுக்குள் வந்தும் குடத்தை இறக்காமல் இடுப்பிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"நான் ஓலைதான் கட்டினேன்," என்று சிப்ரி பெரியவர் லேவினுஸிடம் சொன்னான். "மச்சான் பாத்தாரு."

"மச்சான் சாட்சி ஊருக்குச் செல்லாதேப்பா. பந்திக்குக் கறி வேணும்னு வாய்விட்டுச் சொல்லிட்டுத் திரிஞ்சவன் அவன்." பெரியவரின் குரலில் கடுமை இல்லை, அதுதான் அதிகம் சுட்டது. "ஞாயித்துக்கிழம பூசை முடியட்டும். அதுக்குள்ள அவ இருக்கான்னு தெரியலன்னா, நீ சொன்ன சொல்ல நீயே செஞ்சுடு."

கனிஸ் அந்த வாரம் முழுக்க ஜோக் அடிக்கவில்லை. ஊரில் கனவும் நின்றுபோனது. படுத்தால் தூக்கம், எழுந்தால் விடியல், நடுவில் ஒன்றுமில்லை. சிப்ரி மட்டும் தினமும் அவளைக் கண்டான். அவள் மேலே வந்து வாயைத் திறக்கிறாள், திறந்த வாயில் சத்தம் இல்லை. அதை அவன் அகதாவைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை வுலான் திரும்பினாள். படகு இறங்கிய வாந்தி முகத்தோடு நேரே அகதாவின் சமையற்கட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். அவளும் துவலில் அலுவலகக் கணினியில் வெறும் நீலத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"பெட்டி கெட்டுப்போயிருக்கலாம். இல்ல..." என்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கெட்டுப்போகாத பெட்டி எப்படி இருக்கும், காட்டு, நோனா," என்றாள் அகதா. எங்கள் பக்கம் இளம்பெண்ணை நோனா என்றுதான் அழைப்போம்.

வுலான் பையிலிருந்து இன்னொரு பெட்டியை எடுத்து மரவள்ளி மாவுப் பலகையின் மேல் வைத்தாள். "இந்த ரெண்டு வெள்ளிப் பொட்டு இருக்கு பாருங்க. இதுல ஈரம் இருக்கற வரைக்கும் பெட்டி தூங்கும், தண்ணிக்கடியில இருக்கோம்னு நெனச்சுக்கும். மேல வந்து காத்துல காஞ்சாத்தான் முழிச்சுக்கிட்டுப் பேசும்."

"ஈரத்துணி சுத்தின புள்ள மாதிரியா?"

"ஆமாக்கா. துணி இருந்தா மேல வந்ததே அதுக்குத் தெரியாது."

வாசல் நிலையில் சாய்ந்திருந்த சிப்ரி உள்ளே வந்தான். பெட்டியைக் கையில் எடுத்தான். கட்டைவிரல் அந்த இரண்டு பொட்டின் மேல் தானாகப் போய் உட்கார்ந்தது. "இங்கதான் கட்டினேன்," என்றான். "இது மேலயேதான். வழுக்காம இருக்கணும்னு மூணு சுத்து."

வுலான் அவனைப் பார்த்தாள். அகதா வுலானைப் பார்த்தாள். பிறகு அகதாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது, கண்ணீரோடு சேர்ந்து. "காவலுக்குப் போனவன் அவ வாயிலயே துணி வச்சு அடைச்சுட்டு வந்திருக்கான் பாரு."

வுலானும் தலையைக் குனிந்தாள். "பெட்டிய மாட்டினன்னிக்கே இத நான் சொல்லிக் குடுத்திருக்கணும். வயித்தப் புடிச்சுட்டு உக்காந்துட்டேன்."

சந்தோஷம் கொஞ்ச நேரம்தான். பெரியவர் லேவினுஸ் கனிஸோடு வந்து கேட்டார், யோசித்தார், தலையை ஆட்டினார். "ஓலைய அவுத்தாப் பெட்டி பேசும், சரி. ஆனா சிப்ரி, தடை ஓலைய அவுக்கறதுன்னா என்னன்னு உனக்கு நான் சொல்லணுமா? அவுத்தா அறுவடை. அவுத்துட்டு ஒண்ணும் எடுக்காம வந்தா அந்தக் கடல் நமக்குப் பொறவு எதையும் குடுக்காது. எடுத்தாகணும். மொதப் பங்கு பொண்ணு குடுத்த வீட்டுக்கு."

எல்லோரும் கனிஸைப் பார்த்தார்கள். அவன் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஓலையோட விட்டுட்டா?" என்றாள் வுலான்.

"நாளைக்கு ஞாயிறு," என்றாள் அகதா.

அவிழ்த்தால் பெரியவள் கனிஸுக்கு. அவிழ்க்காவிட்டால் பாட்டு போச்சு, நாளையோடு. வுலானின் புள்ளிகளும் பாதியில் நிற்கும். சிப்ரி வெளியே போய்ப் படகைத் தண்ணீரில் தள்ளினான். கனிஸ் ஈட்டியை எடுத்து வந்து படகில் வைத்தான். முறைப்படி ஈட்டி இல்லாமல் அறுவடைக்குப் போகக் கூடாது. ஆனாலும் அந்த மரம் படகுப் பலகையில் பட்ட சத்தம் கேட்டதும் அகதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் போனை எடுத்துக்கொண்டு குன்றின் மேல் ஏறினாள். ஊரும் அவள் பின்னால் ஏறியது.

படகில் சிப்ரி, கனிஸ், வுலான் என்று மூன்று பேர். எங்கே தேடுவது? வுலான் பழைய புள்ளிகளை ஒரு தாளில் வரைந்து வைத்திருந்தாள். சுற்றிச் சுற்றி எங்கே போனாலும் அவை ஒரே இடத்துக்குத் திரும்பின; மெத்தென்ற மணல் மேடு முடிந்து கடல் திடீரென்று கறுக்கிற விளிம்பு. சொறிமீன்கள் அங்கேதான் எழுகின்றன. சிப்ரி தாளைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தான். சூரியன் உச்சிக்கு வந்திருந்தது. கடலுக்குத் தோல் உரித்தது போல ஒரு வெண்மை. படகின் நிழல் படகுக்கு நேர் கீழே, அதற்கும் கீழே சொறிமீன்கள் விரிந்து சுருங்கின. வுலானுக்கு அன்று குமட்டல் வரவில்லை. தான் விழித்திருக்கிறோமா என்பதே சந்தேகமாக இருந்தது என்று பிறகு சொன்னாள்.

சிப்ரி பாடினான். வழக்கமான பாட்டில் விருந்துக்கு வரச் சொல்லும் அடி ஒன்று உண்டு. அன்று அதை விட்டுவிட்டுப் பாடினான்.

வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு வெண்மை ஓரிடத்தில் கறுத்தது. தலை எழுந்தது, உச்சந்தலையில் இளஞ்சிவப்பு மறுவோடு. முதுகில் ஓலை அப்படியே இருந்தது, மஞ்சள் போய்ப் பழுப்பாகி, ஓரம் நார்நாராக. சிப்ரி தண்ணீரில் இறங்கினான். முடிச்சில் விரல் வைத்துவிட்டு அவிழ்க்காமல் நின்றான்.

"மச்சான்."

"சொல்லு."

"மொதப் பங்கு உங்களுது."

"தெரியும்டா. அவுத்துடு."

முடிச்சு பல்லால் கடித்த பிறகுதான் அவிழ்ந்தது. ஓலை கையோடு வந்தது. சிப்ரி முறைப்படி சொல்ல வேண்டியதைச் சொன்னான்: கட்டியவன் அவிழ்த்தேன், காத்தது திறந்தது, உரியவர் எடுக்கலாம். சொல்லிவிட்டு அவள் கழுத்தின் மேல் கையை வைத்துக்கொண்டான், நகரவில்லை.

கனிஸ் ஈட்டியோடு அணியத்தில் எழுந்து நின்றான். அவன் கனத்துக்குப் படகு சாய்ந்தது. பெரியவள் மூச்சு விட்டாள். அந்த வாசனை மறுபடி வந்தது. கனிஸ் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தான்.

"கண்ண வேற தொறந்து வச்சுப் பாக்கறா," என்றான் எரிச்சலாக. "அண்டாவுல இப்படிப் பாத்ததில்ல."

பிறகு வுலான் பக்கம் திரும்பினான். "ஏம்மா, இவ இப்ப மேலதான இருக்கா? பெட்டி காஞ்சிருக்குமா?"

"காஞ்சுட்டிருக்கும், அண்ணே."

"இப்ப ஒரு புள்ளி விழுமா?"

"விழணும்."

"அது என்னுது." ஈட்டியைக் கீழே வைத்தான். "எடுத்துக்கிட்டேன். இன்னிக்கு மட்டுமில்ல. தெனம் விடிஞ்சதும் வர்ற மொதப் புள்ளி என் பங்கு. நான் பாக்காம ஒருத்தன் பாக்கக் கூடாது. நீயும் பாக்கக் கூடாது, ஜாவாவுல உன் மேலதிகாரியும் பாக்கக் கூடாது. சம்மதமா?"

வுலான் தலையாட்டினாள்.

"மாப்ள, கைய எடு. என் பங்கு கெளம்பணும்."

சிப்ரி கையை எடுத்தான். அவள் அவசரப்படவில்லை. இரண்டு துடுப்புக் கைகளையும் ஒரு தடவை விரித்தாள், ஒரு பெரிய பறவை அறைக்குள் சிறகை விரித்தது போலிருந்தது. வெண்மைக்குள் இறங்கினாள்.

படகு திரும்பும் முன்பே ஊருக்குத் தெரிந்துவிட்டது. குன்றின் மேல் அகதாவின் கையில் நீலத்தில் ஆரஞ்சு விழுந்தபோது யாரோ மணிக்கயிற்றை இழுத்துவிட்டார்கள். கரையில் பெரியவர் லேவினுஸ் காத்திருந்தார். "எடுத்தாச்சா?" என்றார்.

"எடுத்தாச்சு," என்றான் கனிஸ். என்ன எடுத்தான் என்பதையும் சொன்னான்.

பெரியவர் தாடையைச் சொறிந்தார். "பங்குன்னா கேட்டு வந்தவங்களுக்கு இல்லன்னு சொல்லக் கூடாது, ஞாபகம் இருக்கட்டும்."

"நான் பாத்து முடிச்சதும் எல்லாருக்கும்தான். சட்டியோட குடுத்துடறேன்."

ஞாயிறு பூசையில் சிப்ரிதான் பாடினான். பாடியது தேவாலயச் சங்கீதம்தான், ஆனாலும் அவன் குரல். கனிஸ் மகள் கல்யாணப் பந்தியில் சூரை மீன்தான் போட்டார்கள். "எங்க பங்கு அடுப்புல இல்ல, இப்ப வடக்க போயிட்டிருக்கா," என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் அவன் சொன்னதை அவர்கள் இன்னும் முழுதாகப் புரிந்துகொள்ளவில்லை. புள்ளிகள் போதுமான அளவு சேர்ந்தபோது வுலான் படத்தை அதிகாரிகள் முன் விரித்தாள். பேச்சு இழுத்தது, ஆனால் முடிந்தது. கடல் கண்ணயரும் மாதங்களில் பெரிய வலைகள் அந்த விளிம்புக்குப் பக்கத்தில் வரக் கூடாது என்று ஒரு கோடு விழுந்தது. அந்தக் கோட்டின் வளைவு அவள் நீந்திய வளைவு.

பெரியவள் வடக்கே பாப்புவாக் கரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். முட்டையிடப் போகிறாள் என்றாள் வுலான். ஊருக்குக் கனவுகள் திரும்பி வந்துவிட்டன. இப்போது அவற்றில் மணலும் இருந்தது. அவள் கரையேறிக் குழி தோண்டுகிறாள் என்று நினைத்துப் படுத்தவர்கள் விடியும்போது நகத்தில் மணல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்கள்.

ஒருநாள் விடிந்து வெகுநேரமாகியும் கனிஸ் குன்றுக்கு வரவில்லை. முந்தின நாள் கள் கொஞ்சம் அதிகம். போன் இரண்டு தடவை சிணுங்கியது, சேதி வந்துவிட்டது. அகதா அதைப் புளியமர வேரில் குப்புற வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். பெரியவர் லேவினுஸ், சிப்ரி, வுலான், கிணற்றடிக்காரி, நாங்கள் எல்லோரும் அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். ஒருவரும் திருப்பிப் பார்க்கவில்லை. வெயில் ஏறியது. கீழே தன் வீட்டிலிருந்து கனிஸ் வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு, மூச்சு வாங்க, திட்டிக்கொண்டே மேலே ஏறி வருவது தெரிந்தது. யாரோ அவனுக்கு உட்கார இடம் விட்டார்கள்.

கண்ணுகளா, உங்கள் வீட்டுப் பானையும் அப்படி இருக்கட்டும்: வந்து சேராதவருக்கு ஒரு பங்கு எடுத்து வைத்து, அவர் வரும் வரை சூடு ஆறாமல். தூரம் போன உங்கள் பிள்ளைகளிடமிருந்து விடிந்ததும் ஒரு சேதி வரட்டும். உங்கள் கூரைக்குக் கீழே படுக்கிறவர்கள் எல்லோரும் நல்ல கனவோடு எழுந்திருக்கட்டும்.